துளை சின்னது, ஆபரேஷன் பெரியது: எடைக் குறைப்பு அறுவையும் ராமநாதபுரம் கரையும்

"நாலஞ்சு துளைதான். மூணாம் நாள் வீட்டுக்கு வந்துடலாம்."

கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ எடைக் குறைப்பு ஆபரேஷனைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது இதுதான். பொய்யில்லை. தோலில் போடுகிற துளைகள் அவ்வளவுதான், பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்தும்விடுகிறார்கள். ஆனால் வெளியே தெரிகிற துளையை வைத்து உள்ளே நடப்பதை அளக்க முடியாது. உள்ளே இரைப்பையில் முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது, இல்லாவிட்டால் குடலின் பாதையே மாற்றிப் போடப்படுகிறது. அப்படிச் செய்த வயிற்றுக்கு ஆயுசுக்கும் கவனிப்பு வேண்டும். அறுவை செய்த டாக்டர் மதுரையிலோ சென்னையிலோ இருப்பார், நோயாளி பாம்பனிலோ தொண்டியிலோ இருப்பார். நம் கரைக்காரர்கள் இந்த ஆபரேஷனை யோசிக்கும்போது செலவுக்கு அடுத்தபடியாகக் கணக்குப் போடவேண்டியது இந்தத் தூரத்தை என்பது என் எண்ணம். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், எடை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிவிட்டது? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 2015-16-ல் பெண்களில் 30.9 சதவீதம் பேர் உயரத்துக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21-ல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 ஆக இருந்தது 37 ஆனது. நான்கைந்து வருடத்தில் இவ்வளவு ஏற்றம். நம் கரையும் அதற்கு விதிவிலக்கு இல்லை. துடுப்பு வலித்து, பாய் கட்டிப் போன வள்ளத்தில் இன்று எஞ்சின் ஓடுகிறது. கடல்பாசி எடுக்கப்போன அம்மாவுக்கு இருந்த உடல் உழைப்பு, வீட்டுக்குள் இருக்கிற மகளுக்கு இல்லை. வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருபது வருடம் கடையிலும் கல்லாவிலும் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர் சுகரையும் பிரஷரையும் கூடவே கொண்டுவருகிறார். நடுவில் ராத்திரிப் பரோட்டா வேறு.

"வாயைக் கட்டு, நட" என்று எல்லாரும் சொல்வார்கள். பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாக இருப்பவருக்கு அது பலன் தரலாம். ஐம்பது கிலோ கூடுதலாக இருப்பவருக்குப் பெரும்பாலும் தருவதில்லை. அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நினைப்பது அநியாயம். எடை குறையத் தொடங்கியதும் உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடும், செலவாகும் சக்தி குறையும். ஆறு மாதம் பட்டினி கிடந்து குறைத்தது அடுத்த வருடம் வட்டியோடு திரும்பிவிடும். இந்த இழுபறியில் உடம்பின் பக்கமே மாற்றம் செய்து பார்க்கலாம் என்பதுதான் எடைக் குறைப்பு அறுவையின் அடிப்படை.

உள்ளே என்ன நடக்கிறது

இந்த அறுவை புதிதில்லை. 1950-களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு இணைத்துப் பார்த்தார்கள். எடை குறைந்தது. கூடவே கல்லீரல் கெட்டது, சத்துக் குறைவு வந்தது, அந்த முறை கைவிடப்பட்டது. 1966-ல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைத்தார். இன்றைய இரைப்பை பைபாஸ் அறுவையின் மூலம் அதுதான். ஆனால் அன்று வயிற்றை நடுவே நீளமாகக் கிழித்துத்தான் செய்யவேண்டும். நூற்றைம்பது கிலோ மனிதரின் வயிற்றில் அத்தனை நீளக் காயம் என்றால் யோசித்துப் பாருங்கள். கொழுப்பு அடுக்கு கனமாக இருப்பதால் தையல் சீழ் பிடிக்கும். ஆறினாலும் பின்னாளில் அந்த இடத்தில் குடலிறக்கம் வரும். வலிக்குப் பயந்து மூச்சை இழுத்து விடமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். நுரையீரலில் சளி கட்டும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும்.

சிறு துளை முறை வந்தபோது மெலிந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் லாபம் அதிகம். 1985-ல் ஜெர்மனியின் எரிக் மியூஹே பித்தப்பையைத் துளை வழியாக எடுத்தார். இந்தியாவில் 1990-ல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா அதைச் செய்தார். 1994-ல் அமெரிக்காவின் விட்குரோவும் கிளார்க்கும் இரைப்பை பைபாஸையே துளை வழியாகச் செய்ததை வெளியிட்டார்கள். அதற்குப் பின்தான் இந்த அறுவை உலகெங்கும் பரவியது. இன்று நம்மூர்க்காரர் ஒருவர் ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலமே வார்டில் நடக்கிறார் என்றால் அதற்கு இந்தச் சிறு துளைகள்தான் காரணம். அந்த அளவில் விளம்பரம் சொல்வது சரி.

இப்போது அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்'. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முழு மயக்கம் கொடுத்து, தலைப்பக்கம் உயர்ந்து கால்பக்கம் தாழ்ந்த மாதிரி மேசையைச் சாய்ப்பார்கள். அப்போதுதான் குடலெல்லாம் கீழே சரிந்து இரைப்பை கண்ணுக்குத் தெரியும். தொப்புளுக்குச் சற்று மேலே முதல் துளை. அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்து வேலை செய்ய இடம் உண்டாக்குகிறார்கள். அப்புறம் இன்னும் மூன்று நான்கு துளைகள், 5 மில்லிமீட்டரிலிருந்து 15 மில்லிமீட்டர் வரை. ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். கல்லீரலின் இடது மடல் இரைப்பையை மறைத்துக்கொண்டு கிடக்கும். பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறிக் கனத்துப் போயிருக்கும். அறுவைக்கு முன் இரண்டு வாரம் போல அரிசியையும் இனிப்பையும் அறவே குறைக்கச் சொல்வது அந்தக் கல்லீரல் கொஞ்சம் சுருங்கட்டும் என்பதற்காக. "இனிமேல் எப்போது சாப்பிடப்போகிறோம்" என்று முதல் நாள் வரை பிரியாணி வெட்டிவிட்டுப் போகிறவர், டாக்டரின் வேலையைத்தான் கஷ்டமாக்குகிறார்.

வாய் வழியாக ஒரு ரப்பர்க் குழாயை இரைப்பைக்குள் இறக்குவார்கள், 12, 13 மில்லிமீட்டர் தடிமன். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒட்டினாற்போல ஸ்டேப்ளரை வரிசையாக அழுத்திக்கொண்டு மேலே போகிறார்கள். ஒவ்வொரு அழுத்தத்திலும் இரண்டு பக்கமும் மும்மூன்று வரிசை டைட்டானிய ஊசிகள் இறங்கும், நடுவில் கத்தி ஓடும். ஐந்தாறு அழுத்தத்தில் இரைப்பை இரண்டாகப் பிரிந்துவிடும். வெட்டுப்பட்ட பெரிய பகுதியை ஒரு துளை வழியாகவே வெளியே உருவி எடுக்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைக்காய் அளவுக்கு நீண்ட குழாய். அதில் 100, 150 மில்லிதான் பிடிக்கும். (அந்த ஊசிகள் விமான நிலையச் சோதனையில் சத்தம் போடுமா என்று வளைகுடா போகிறவர்கள் கேட்பார்கள். போடாது.)

பைபாஸில் இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு தைக்கிறார்கள். சோறு மீதி இரைப்பையையும் குடலின் தொடக்கத்தையும் தொடாமலே கீழே போய்விடும். இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு போடுகிற 'மினி பைபாஸ்' இந்தியாவில் நிறைய நடக்கிறது. நெஞ்செரிச்சல் ஏற்கெனவே கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம் என்பதால் பைபாஸ் பக்கம் போவார்கள். எது யாருக்கு என்பதை எண்டோஸ்கோப்பி பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். பக்கத்து வீட்டு அக்கா செய்ததையே செய்யுங்கள் என்று கேட்கிற விஷயம் இல்லை.

இரைப்பை சின்னதானதால் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார்கள், அதனால் மெலிகிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற சுரப்பு இரைப்பையின் மேல்பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. அதை ஜப்பானியர்கள் 1999-ல் கண்டுபிடித்தார்கள். ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடுகிறது. இன்னொரு பக்கம், சாப்பாடு சீக்கிரமாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியை எட்டுவதால், வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சொல்கிற, இன்சுலினைத் தூண்டுகிற சுரப்புகள் கூடுகின்றன. அதனால்தான் எடை குறைவதற்கு முன்பே, சில நாளிலேயே, சுகர் இறங்கத் தொடங்குகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரீஸ் 1995-ல் இதை வெளியிட்டபோது மருத்துவ உலகமே ஆச்சரியப்பட்டது.

சுகர் முழுக்கப் போய்விடுமா என்பது நம் ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி. நாட்டில் 10 கோடிக்கும் மேல் சுகர்காரர்கள் இருக்கும்போது கேட்கத்தான் செய்வார்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 150 சுகர் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஐந்து வருடம் கவனித்தார்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி அளவு 6 அல்லது அதற்குக் கீழே நின்றவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மாத்திரை ஊசி மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். மாத்திரையைவிட அறுவை பல மடங்கு மேல் என்பது தெளிவு. அதே நேரம், பத்தில் ஏழு பேருக்கு அந்த இலக்கு எட்டவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. அவர்களுக்கும் சுகர் நன்றாகக் குறைந்தது, மாத்திரை குறைந்தது. ஆனால் "சுகருக்கு நிரந்தரத் தீர்வு" என்று சுவரொட்டி அடித்தால் நம்பிவிடக் கூடாது. சுகர் வந்து சில வருடமே ஆனவர்களுக்குப் பலன் அதிகம், இருபது வருடம் இன்சுலின் போட்டவர்களுக்குக் குறைவு.

ஆயுள் கூடுமா என்றால், ஸ்வீடனில் சுமார் 4,000 பேரைப் பத்து வருடத்துக்கும் மேல் தொடர்ந்து பார்த்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு சுமார் 29 சதவீதம் குறைவாக இருந்தது. அழகுக்காகச் செய்துகொள்கிற வேலையாக இதைப் பார்க்கிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கலாம்.

யாருக்கு

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 1.60 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 35.2. 1991-ல் அமெரிக்காவில் வகுத்த விதி, 40-க்கு மேல் இருந்தால் அல்லது 35-க்கு மேல் இருந்து சுகர் போன்ற நோயும் இருந்தால் அறுவை என்றது. 2022-ல் உலக அமைப்புகள் அதை மாற்றி, 35 இருந்தாலே போதும், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. நமக்கு ஏன் குறைத்தார்கள்? அதே பி.எம்.ஐ உள்ள வெள்ளைக்காரரைவிட நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம், சுகரும் சீக்கிரம் வருகிறது.

மருத்துவ விதி இப்படி இறங்கி வந்தாலும் இன்ஷூரன்ஸ் விதி பழைய இடத்தில் நிற்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி, 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பி.எம்.ஐ 40 இருக்கவேண்டும், அல்லது 35-ஓடு இதய நோய், கடுமையான குறட்டை மூச்சுத்திணறல், கட்டுக்கு அடங்காத சுகர் போன்றவற்றில் ஒன்று இருக்கவேண்டும். அதுவும் மற்ற வழிகள் பலிக்காத பிறகே. ஆக, டாக்டர் "செய்யலாம்" என்று சொல்கிற எல்லாருக்கும் கம்பெனி பணம் தராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறவர்களும் அட்டை செல்லுமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே, வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில், கேட்டு வாங்குவது நல்லது. தனியாரில் கையிலிருந்து கட்டினால் லட்சங்களில் போகும். நகையை வைத்துச் செய்கிற செலவு.

வீட்டுக்கு வந்த பிறகு

மூணாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று. கதை இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 4,776 பேரைக் கவனித்த 2009 ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்தில் மூன்று பேர். பெரிய அறுவைகளின் வரிசையில் இது குறைவான எண்தான். ஆனால் பூஜ்யம் இல்லை. 2024-ல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன இளைஞர் இறந்து, அரசு விசாரணை வரை போனது பலருக்கு நினைவிருக்கும்.

பயப்படவேண்டிய முதல் விஷயம் கசிவு. ஸ்டேப்ளர் போட்ட வரிசையில் எங்காவது ஒரு புள்ளி ஆறாமல் விட்டால் இரைப்பை நீர் வயிற்றுக்குள் ஒழுகும். ஸ்லீவில் அது பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல் மூலையில் வரும். நூறில் ஒருவருக்கு வரலாம். வருகிற நேரம்தான் வில்லங்கம்: பலருக்கு முதல் வாரத்தின் கடைசியிலோ அடுத்த வாரத்திலோ, அதாவது ஊர் வந்து சேர்ந்த பிறகு. அறிகுறியும் ஏமாற்றும். சாதாரண ஆளுக்கு வயிற்றுக்குள் ஒழுகினால் வயிறு பலகையாக இறுகும், தொட்டாலே கத்துவார். கனத்த கொழுப்புக்குக் கீழே அது கைக்குத் தட்டுப்படாது. முதலில் காட்டிக்கொடுப்பது நாடிதான். படுத்திருக்கும்போதே நாடி 110, 120 என்று ஓடும். லேசான காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சு வாங்கல், காரணம் புரியாத படபடப்பு. தங்கச்சிமடத்து வீட்டில் ஆறாம் நாள் ராத்திரி ஒருவருக்கு இப்படி ஆனால், பக்கத்து கிளினிக்கில் என்ன சொல்வார்கள்? "கேஸ்தான்" என்று ஒரு ஊசி. அந்த டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, இரைப்பையை வெட்டிய நோயாளியை அவர் தினமும் பார்ப்பதில்லை. விடிந்து பார்க்கலாம் என்று விடுகிற அந்த எட்டு மணி நேரம்தான் ஆளைச் சாய்க்கும்.

இராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். நடுவில் ராமநாதபுரம். 2022-ல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் நிலைமை முன்பு மாதிரி இல்லை. ஸ்கேன் எடுத்து, ஆன்டிபயாடிக் ஏற்றி, ஆளை நிலைப்படுத்தி மேலே அனுப்புகிற அளவுக்காவது மாவட்டத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. தொண்டிக்காரர்களுக்குச் சிவகங்கை வழி, சாயல்குடி பக்கத்தவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி வழி. எந்த வழி என்பதை ராத்திரி இரண்டு மணிக்கு யோசிக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் மதுரையிலேயே உறவுக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிவிடுவதுதான் உத்தமம் என்பேன். ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் அந்த வாடகை ஒன்றுமே இல்லை.

அடுத்தது மாத்திரை. சுகர் நாலைந்து நாளிலேயே இறங்கும் என்றேன் அல்லவா? பழைய அளவிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் புதிய அளவை எழுதியிருப்பார்கள். ஆனால் வீட்டில் மாத்திரை டப்பா பழையபடிதானே இருக்கிறது. அதை முதலில் காலி செய்யவேண்டும்.

இன்னொன்றை நம் பக்கத்துக் கிளினிக்குகளுக்காகவே தனியாகச் சொல்லவேண்டும். அறுவை முடிந்து சில வாரத்தில் சிலருக்கு வாந்தி தொடர்ந்து வரும். குடித்தது தங்காது. சோர்ந்து கிடப்பவரை "ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வா" என்று அனுப்புவது நம் ஊர் வழக்கம். பல நாள் வாந்தி எடுத்தவரின் உடம்பில் தயாமின் என்ற பி1 சத்து தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், ஆள் குழம்பிப் பேசுவார். இது தெரியாவிட்டால் வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போகத் தோன்றும். நேரத்தில் தயாமின் ஊசி போட்டால் திரும்பி வரக்கூடியவர், தாமதித்தால் நினைவே சரியில்லாமல் போய்விடலாம். எனவே கையில் ஊசி ஏறும்முன் சொல்லவேண்டிய ஒரே வாக்கியம்: "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கு, பி1 போட்டுட்டு பாட்டில் ஏத்துங்க." முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்கிற பழக்கமும் நிற்கவேண்டும், முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு. இணைப்பு போட்ட இடத்தில் புண் வந்து ரத்தம் கசியும். பீடி, சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் கரை கொடுத்துவைத்தது. முதல் இரண்டு வாரம் தண்ணீராகவே போகும். இருமல் மருந்து மூடியில் ஊற்றி ஊற்றி, கால் மணிக்கு ஒரு தடவை. அப்புறம் கூழ்ப் பதம், ஒரு மாதத்துக்கு மேல் மெத்தென்ற சாப்பாடு. தினமும் 60 கிராமாவது புரதம் போகவேண்டும் என்பார்கள். அரைக் கிண்ணத்துக்கு மேல் இறங்காத வயிற்றில் அதைச் சேர்ப்பது லேசான காரியமில்லை. வடக்கே பவுடர் டப்பாவைத்தான் நம்பியிருக்கிறார்கள். இங்கே பிள்ளை பெற்றவளுக்குப் போடுகிற பால்சுறாப் புட்டு இருக்கிறது, முள் இல்லாமல் உதிர்த்த மீன் இருக்கிறது, முட்டை இருக்கிறது. நூறு கிராம் மீனில் 20 கிராம் போலப் புரதம். காரத்தையும் எண்ணெயையும் மட்டுப்படுத்தி ஆணத்தில் (குழம்பில்) வேகவைத்தால் இதைவிடத் தோதான உணவு கிடையாது. கருவாடு வேண்டாம், உப்பு. கணவாய் கொஞ்ச நாள் போகட்டும், மெல்லாமல் விழுங்கினால் அடைத்துக்கொள்ளும். சோற்றை எடுப்பதற்கு முன் மீனைச் சாப்பிட்டு முடிக்கவேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான்.

ஏமாற்றுகிற சாப்பாடும் இங்கே உண்டு. தொதல், வட்டலப்பம், பதநீர் எல்லாம் மெல்லவே தேவையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். எவ்வளவு சின்ன இரைப்பையும் தடுக்காது. பைபாஸ் செய்தவர் ஒரு துண்டு தொதல் தின்றால் அரை மணியில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிசைந்துகொண்டு ஓடும். அந்த அவஸ்தை பட்டவர் மறுபடி தொடமாட்டார். ஸ்லீவ் செய்தவருக்கு அந்தத் தண்டனையும் பெரும்பாலும் இல்லை. அறுவை முடிந்து மூன்று நான்கு வருடத்தில் எடை மெல்ல ஏறுகிறது என்றால் இப்படிப்பட்ட இனிப்பும் பானமும் ஒரு முக்கியக் காரணம்.

கல்யாண வீடுதான் பெரிய சோதனை. கீழக்கரையில் ஒரே சஹனை, அதாவது பெரிய தட்டை, சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது, "என்ன ராத்தா, கையை வச்சுக்கிட்டே இருக்கீங்க" என்று கறித்துண்டை எடுத்து முன்னால் தள்ளுவார்கள். அன்பாகச் செய்வதுதான். மூன்றாவது கவளத்துக்கு மேல் போனால் எழுந்து ஓடி வாந்தி எடுக்கவேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பலர் ஆபரேஷனையே மறைக்கிறார்கள், பெண்கள் இன்னும் அதிகமாக. "டயட்ல இருக்கேன்" என்று சமாளிக்கிறார்கள். ஒரே சஹன் என்பதால் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாமல் போவது ஒரு வசதி என்றும் சொல்லலாம்.

நோன்பு பற்றித் தயங்காமல் டாக்டரிடம் கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கவேண்டிய உடம்பு அது, ஒரே மூச்சில் செம்பைக் கவிழ்க்க முடியாது. நம் வெயிலில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு, இஃப்தாருக்கும் சஹருக்கும் நடுவில் அத்தனையையும் சேர்ப்பது முதல் வருடத்தில் நடக்காத காரியம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கும் இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை உண்டு. விசைப்படகில் ராத்திரி முழுக்க வலை இழுக்கிறவர் நேரம் பார்த்து மிடறு மிடறாகக் குடிக்கத் தோதுப்படாது.

அவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லலாம். கனமான எதையும் தூக்காமல் நான்கிலிருந்து ஆறு வாரம் இருக்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதன் தொடக்கத்திலேயே அறுவையை வைத்துக்கொண்டால் தொழில் கெடாமல் உடம்பு தேறிவிடும். கையில் காசு இல்லாத காலமும் அதுதான் என்பது வேறு விஷயம்.

வருடக் கணக்கில் தொடர வேண்டியவை சில. இரும்பு, கால்சியம், டி, பி12 சத்துகள் ஆயுசுக்கும். வருடத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, இதை உள்ளூர் லேப்பிலேயே எடுத்து முடிவை போனில் அனுப்பலாம். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டும், பயந்துபோவார்கள், பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக மெலிவதால் பித்தப்பையில் கல் வரலாம். நீர்க்கட்டியால் பிள்ளை தங்காமல் இருந்தவர்களுக்கு எடை குறைந்ததும் சட்டென்று கரு நிற்கும். ஒன்று ஒன்றரை வருடம் கழித்துத்தான் கர்ப்பம் என்று சொல்லியிருப்பதை மாமியாருக்கும் சேர்த்துச் சொல்லிவைக்க வேண்டும்.

எடை குறைக்கிற ஊசி வந்துவிட்டதே, இனி ஆபரேஷன் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. வாரத்துக்கு ஒரு ஊசி, உடல் எடையில் 15, 20 சதவீதம் வரை குறைகிறது. அறுவை 25, 30 சதவீதம் குறைக்கிறது. வெகோவி மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வில் பார்த்தார்கள். நூறு கிலோவுக்குக் கீழே, சுகர் தொடக்கத்தில் இருப்பவர் முதலில் ஊசிப் பக்கம் யோசிப்பதில் தப்பில்லை, மாதாமாதம் வாங்க வழி இருந்தால். நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோவில் மூச்சுத்திணறலோடு இருப்பவர் ஊசியை நம்பி வருடங்களைக் கடத்துவது சரியாகப் படவில்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன் அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், கசிவு வந்தால் அதை அடைக்கிற எண்டோஸ்கோப்பியும் ஐசியுவும் இங்கேயே இருக்கிறதா, ராத்திரி போன் அடித்தால் எடுப்பது யார். பதில் மழுப்பலாக வந்தால் வேறு மருத்துவமனை பாருங்கள். பதில் சரியாக இருந்தால், என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்தெந்த அறிகுறிக்கு உடனே அனுப்பவேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி, அதில் ஒரு நகலை நீங்கள் வழக்கமாகப் போகிற உள்ளூர் டாக்டரிடம் ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்துவிட்டுப் போங்கள்.